நிழலில் உலர்த்தியது

ஈப்போ,
29 அக்டோபர் 2024

அன்புள்ள மகள் தினேஸ்வரிக்கு,

அப்பா மாயாண்டி எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். இடது முட்டி மட்டும் நன்றாக இல்லை. அதைப் பற்றி ஆரம்பித்தால் இந்தத் தாள் போதாது, விட்டுவிடுகிறேன். கோத்தா கினபாலுவில் மழையா வெயிலா, ஹாஸ்டலில் இன்னும் அதே மீன்தானா, எழுது.

போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நீ சிரிப்பாய். இலையைப் பெட்டியில் வைத்து மூடப் போனேன், மேலே நாலு விரல் இடம் காலியாக இருந்தது. சபா வரைக்கும் கடல் தாண்டிப் போகிற பெட்டி, காலியாக அனுப்ப மனசு வரவில்லை. பள்ளிக்கூடத்தில் மூன்றாம் படிவத்தோடு புத்தகம் என்னைக் கைவிட்டுப் போய்விட்டது. ஆனாலும் எழுத்து என் கையை விட்டுப் போகவில்லை. தப்பு இருந்தால் சிவப்புப் பேனாவால் திருத்திக்கொள்.

கேட்டபடியே கீழாநெல்லி, காய்ந்து ஒரு கிலோ. ஏப்ரலில் நீயே வந்து பறித்தாயே, அதே இடம்தான். சுங்காய்த் தோட்டத்தில் கோயிலுக்குப் பின்னால் பழைய ஆயக்கொட்டகை மேடு. நீ கட்டிவிட்டுப் போன சிவப்புக் கயிறு அப்படியே இருக்கிறது, ஒரு ஆட்டுக்குட்டி மட்டும் நுனியைத் தின்றிருக்கிறது. சுற்றி நாலு பக்கமும் ரப்பர் மரம் போய் எண்ணெய்ச் செம்பனை ஆகிவிட்டது. அந்த மேட்டில் மட்டும் ஏன் இவ்வளவு கீழாநெல்லி என்று நீ கேட்டாய். பிள்ளைகளைத் தூளியில் போட்டு வளர்த்த இடம், அதனால் அங்கே மட்டும் நாங்கள் மருந்து அடித்ததே இல்லை. களைக்கொல்லியை அடிக்கிறவர்களே அதை மருந்து என்றுதான் சொன்னோம். இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது.

கலாதேவி அக்காவும் கூட வந்து பறித்தார். உன் அம்மாவோடு ஒரே வேலைக் கும்பலில் மருந்து நிரப்பின தோம்பை முதுகில் சுமந்தவர். அறுபத்து மூணு வயது, குனிந்தால் என்னைவிட வேகமாக நிமிர்கிறார். இந்தச் செடியை அழிக்கத்தானே எங்களை வெயிலில் நடக்க விட்டாய், இப்போது குனிந்து பறிக்கச் சொல்கிறாய், வேலை ஏவுகிற உன் மண்டோர் புத்தி மாறவே இல்லை லா என்றார். நான் அடுத்த செடிக்குக் குனிந்துவிட்டேன்.

நீ செய்கிற வேலையை நம்ம ஷாஃபி அண்ணனுக்கு விளக்கினேன், சரியா என்று பார். நான் காவலுக்கு ஜாகா வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்துக்கு எதிரில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறாரே, அவர்தான். உடம்பு முழுக்கச் செல், ஒவ்வொரு செல்லுக்குள்ளும் நூல் மாதிரி ஒன்று, அப்பன் மூக்கு மகளுக்கு வருகிற விவரமெல்லாம் அந்த நூலில்தான் இருக்கிறது. களைக்கொல்லி பட்டால் நூல் அறும். மின்சாரம் விட்டு, பெரிதாகக் காட்டுகிற கண்ணாடியில் பார்த்தால் அறாத செல் முழு நிலா மாதிரி உருண்டையாகத் தெரியும். அறுந்த செல்லில் துண்டெல்லாம் பின்னால் இழுபட்டு வால் நட்சத்திரம் மாதிரி நீளும். தினா அந்த வாலை அளந்து எழுதுகிறாள். முதலில் கீழாநெல்லிச் சாற்றைக் கொடுத்துவிட்டு அப்புறம் களைக்கொல்லியை விட்டால் வால் பாதியாகக் குறைகிறது. இப்படிச் சொன்னேன்.

இருபத்தேழு வயதுப் பெண், இவ்வளவு படித்து, வால் எண்ணுகிறாளா என்று கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, தனக்குச் சர்க்கரை இருப்பதால் ஒரு கட்டு கிடைக்குமா என்றார். நீ சொன்னதையே சொன்னேன். தட்டில் வைத்த செல்லுக்கு ஆனது மனுஷனுக்கு ஆகும் என்று யாரும் இன்னும் சொல்லவில்லை, குடிக்கக் கூடாது என்று. அப்படியானால் தட்டில் இருக்கிறவன் கொடுத்து வைத்தவன் என்று சொல்லிவிட்டு அடுத்த ரொட்டியை வீசப் போய்விட்டார்.

உன் ஆராய்ச்சியைப் பார்த்துக்கொள்கிற மேடம் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒரு தடவை வந்தது அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம், அதே இடத்து இலை இரண்டாம் தடவையும் அதே மாதிரி வால் குறைத்தால்தான் அடுத்த கட்டம், இல்லாவிட்டால் பிப்ரவரி கடைசியில் இந்தச் செடி வேலையை மூடிவிடுவது. அடுத்த கட்டம் என்றால் பழைய மருந்தடிப்பு ஆட்களின் ரத்தத்தை எடுத்து அளப்பது. என் கையையும் கேட்டாய். என் நரம்பில் தே தாரேக் டீதான் ஓடுகிறது மா, அதை அளந்து என்ன செய்யப் போகிறாய். ஊசி என்றால் எனக்கு ஆகாது. வேறு ஆள் பார்.

இந்த அடைமழையில் இலையை எப்படிக் காயவைத்தேன் என்று நீ கேட்பாய். அது அப்பாவின் தொழில் ரகசியம். வெயில் ஒரு சொட்டுக்கூடப் படவில்லை. இலை மொறுமொறு என்று இருக்கிறது, ஒரு புள்ளி பூஞ்சை கிடையாது, வாசனையும் கமகம. நீ சொன்னபடியே லேபிளில் இடம், தேதி எல்லாம் எழுதி, "நிழலில் உலர்த்தியது" என்றும் போட்டிருக்கிறேன்.

நாளை மறுநாள் தீபாவளி. அம்மா படத்துக்கு உன் சார்பிலும் ஒரு விளக்கு ஏற்றுகிறேன். நீ அங்கே தனியாக இருக்காமல் கூட்டாளிப் பெண்களோடு எங்காவது போய்ச் சாப்பிடு. இலை உன் கையில் நல்லபடி நடந்துகொள்ளட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா,
மாயாண்டி


ஈப்போ,
9 பிப்ரவரி 2025

அன்புள்ள தினாவுக்கு,

இந்தக் கடிதத்தை நின்றுகொண்டு படிக்காதே. உட்கார். செடி மேல் தப்பில்லை. உன் கை மேலும் தப்பில்லை. தப்பு உன் அப்பன் மேல்.

வெள்ளிக்கிழமை நீ போனில் பேசி அனுப்பின குரலை நாலு தடவை கேட்டேன். மூன்று மாதமாகத் திரும்பத் திரும்பச் செய்தும் வால் குறையவில்லை, கூடுகிறது என்றாய். களைக்கொல்லியே விடாமல் இலைச்சாறு மட்டும் கொடுத்த செல்லுக்கும் வால் முளைக்கிறது என்றாய். முதல் தடவை வந்தது உன் கைப்பிழையாக இருக்கும், நீ இந்த வேலைக்கு லாயக்கில்லை, 28-ஆம் தேதி படிப்பு விலகல் பாரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறேன், தஞ்சோங் மாலிமில் கார் கம்பெனியில் கணக்கெழுதுகிற கிராணி வேலைக்கு மனு போட்டாகிவிட்டது என்றாய். கடைசியில் நான் கவலைப்படக் கூடாது என்று ஒரு வேடிக்கையும் சொன்னாய். பக்கத்து மேசைக் கடசான் இனப் பெண் இலைப் பையைத் திறந்து முகர்ந்துவிட்டு, உங்கள் ஊரில் இலையையும் ஈக்கான் சாலாய் போடுவீர்களா, புகை மீன் வாசனை அடிக்கிறதே என்று சிரித்தாளாம்.

நான் சிரிக்கவில்லை. வீட்டில் மிச்சம் வைத்திருந்த பிடி இலையை டின்னைத் திறந்து முகர்ந்தேன். அக்டோபரில் எனக்குக் கமகம என்று இருந்த வாசனை எது என்று அப்போதுதான் மூக்குக்குப் பிடிபட்டது. அது ஷீட்டு வாசனை. புகை போட்ட ரப்பர் ஷீட்டு.

நடந்ததைச் சொல்கிறேன். அக்டோபரில் முதலில் ஆறு கிலோ பச்சை இலையைப் பறித்து வந்து, நீ செய்த மாதிரியே நம் பிளாட்டு ஹாலில் பேப்பர் விரித்துக் காற்றாடிக்குக் கீழே போட்டேன். மழை விடவில்லை. இரண்டாம் நாளே ஓரம் கறுத்தது, மூன்றாம் நாள் வெள்ளைப் பூஞ்சை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டு மறுபடி போய்ப் பறித்தோம். இதுவும் போனால் மேட்டில் மிச்சம் இல்லை. அப்போதுதான் எனக்கு மூளை வேலை செய்தது. என் மூளை வேலை செய்கிற நாளில்தான் ஏதாவது ஒன்று கெட்டுப்போகும், உனக்குத் தெரியும்.

மண்டோர் ஆவதற்கு முன்னால் பதினோரு வருஷம் நான் புகைக் கொட்டகையில் வேலை பார்த்தவன். எவ்வளவு மழை பெய்தாலும் ரப்பர் ஷீட்டில் பூஞ்சை வராமல் காயவைப்பது எப்படி என்று என்னைக் கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன். தோட்டத்தில் அந்தக் கொட்டகை இன்னும் நிற்கிறது. இருபத்தாறு வருஷமாக நெருப்பைப் பார்க்கவில்லை, ஆனால் மூங்கில் கம்பும் மேல் தகரமும் இருந்தன. ரப்பர் பால்மர விறகைப் போட்டு மூட்டினேன். ஷீட்டுத் தொங்கவிடுகிற மாதிரியே கீழாநெல்லியைக் கட்டுக் கட்டாகக் கட்டித் தொங்கவிட்டேன். மூன்று நாள். சூடு ஏறாமல், சுடர் எழாமல், புகை மட்டும் வருகிற மாதிரி பார்த்துப் பார்த்துப் போட்டேன். உன் அப்பன் வாழ்க்கையில் அவ்வளவு ஒழுங்காக ஒரு வேலை செய்ததில்லை.

கலாதேவி அக்கா வாசலில் நின்றுகொண்டு, மாயாண்டி, இது தினாவுக்கா, குழம்புக்கா என்று கேட்டார். பச்சை நிறம் போகிறதே, பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய் என்றார். பதினோரு வருஷம் புகை போட்டவனுக்கு நீ சொல்லித் தருகிறாயா என்று வாயை அடைத்துவிட்டேன்.

நீ நவம்பரில் ஒரு தடவையும் ஜனவரியில் ஒரு தடவையும் போனில் கேட்டாய், வாசனை ஒரு மாதிரி இருக்கிறது, நிழல்தானே அப்பா என்று. நிழல்தான் என்றேன். பொய்யும் இல்லை, புகைக் கொட்டகையைவிட நிழலான இடம் பேரா மாநிலத்திலேயே கிடையாது. ஆனால் மழைக்குத் தோற்றேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது, அதனால் புகையைச் சொல்லவில்லை. உன் மூக்கு உனக்குச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது தினா. நீ மூக்கை விட்டுவிட்டு அப்பா எழுதின லேபிளை நம்பினாய்.

புகை செல்லை என்ன செய்யும் என்று நீயே எனக்குப் பாடம் எடுத்தவள். என் கிரேத்தேக் சிகரெட்டைப் பிடுங்கிக் குப்பையில் போட்டபோது சொன்னாய், விறகுப் புகையானாலும் சாத்தே இறைச்சி கருகின புகையானாலும் அந்த நூலை அறுக்கிற சாமான் அதில் இருக்கிறது என்று. அந்தப் பாடம் எனக்கு நெஞ்சுக்குத்தான் என்று நினைத்தேனே தவிர, இலைக்கும் சேர்த்துத்தான் என்று தோன்றவில்லை. நான் அனுப்பினது பாதி கீழாநெல்லி, பாதி கரி. அதைப் போட்டால் வால் முளைக்காமல் என்ன செய்யும்.

இதைப் போனில் சொல்லப் பார்த்தேன். நேற்று இரண்டு தடவை உன்னைக் கூப்பிட்டேன். நீ எடுத்தவுடன் முட்டிவலியைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன். எனக்கு வாயால் சொன்னால் வேடிக்கையாகத்தான் வரும், நீயும் சிரித்துவிடுவாய், விஷயம் நழுவிவிடும். தாளில் எழுதினால் நழுவாது.

இன்னொன்றும் இதே தாளில் எழுதிவிடுகிறேன். இன்றைக்கு விட்டால் நான் எழுத மாட்டேன்.

அம்மாவை மருந்தடிப்புக் கும்பலில் சேர்த்தது நான். ரப்பர் பால்வெட்டுக்கு இருட்டோடு போகவேண்டும். மருந்தடிப்பு பன்னிரண்டு மணிக்கு முடிந்துவிடும், நீ பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அம்மா வீட்டில் இருப்பாள் என்று கணக்குப் போட்டேன். நல்லது என்று நினைத்துத்தான் செய்தேன். நான் மருந்தைக் கலந்து ஊற்றுவேன், உன் அம்மா மங்களம் தோம்பை முதுகில் மாட்டிக்கொண்டு போவாள். எட்டு வருஷம். ஆபீசில் ஒரு தாள் கொடுப்பார்கள், தினமும் மண்டோர் கையெழுத்துப் போடவேண்டும். "அனைவரும் கையுறை, முகமூடி அணிந்தனர்." அந்த வெயிலில் அந்த ரப்பர் கையுறையை யாராலும் போட முடியாது, எல்லோரும் கழற்றி இடுப்பில் செருகியிருப்பார்கள். நான் அதைப் பார்த்துக்கொண்டேதான் கையெழுத்துப் போட்டேன். அதைப் பார்த்துக்கொண்டேதான் உன் அம்மாவும் நின்றாள்.

அம்மாவுக்கு ரத்தத்தில் வந்த நோய்க்கு அதுதான் காரணம் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. ஒரு ஆளை வைத்து அப்படிச் சொல்ல முடியாது என்று நீயும் சொன்னாய். இல்லை என்றும் யாரும் சொல்லவில்லை. அவள் போய் ஏழு வருஷமாகிறது. நீ ஏன் இந்தப் படிப்பை எடுத்தாய் என்று நீ என்னிடம் சொன்னதில்லை, நான் கேட்டதும் இல்லை. உன்னோடு பேசும்போதெல்லாம் நான் இவ்வளவு கோமாளித்தனம் பண்ணுவது எதனால் என்று உனக்குத் தெரிந்திருக்கும்.

"கையுறை அணிந்தனர்." "நிழலில் உலர்த்தியது." இரண்டும் என் கையெழுத்து. முதலாவதை எழுதும்போது வாயை மூடிக்கொண்டிருந்தேன், உன் அம்மா போய்விட்டாள். இரண்டாவதிலும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நீ பாரத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவாய்.

அதனால் போடாதே. இந்தக் கடிதத்தை உன் மேடத்திடம் கொடு. மலாயில் மாற்றிச் சொல், எதையும் குறைக்காதே, என்னை நல்ல மனுஷனாகக் காட்டப் பார்க்காதே. பழைய இலையைத் தூக்கி எறியவும் வேண்டாம், அது என் சாட்சி. இப்போது வெயில் காலம், மழை விட்டுவிட்டது. நாளை மறுநாள் தைப்பூசம். குனோங் சீரோ முருகன் கோயிலுக்கு நான் போகவில்லை, முருகனிடம் லீவு சொல்லிவிட்டேன். மோட்டார் சைக்கிளில் சுங்காய் போய் மேட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன். கீழாநெல்லி திரும்ப முளைத்திருக்கும், அதை அழிக்க முடியாது என்று பதினான்கு வருஷம் முயற்சி பண்ணின எனக்குத் தெரியும்.

கோபம் வந்தால் கோபப்படு. பேசாமல் இருக்கவேண்டுமானால் இரு. படிப்பை விட்டு ஊருக்கு மட்டும் வந்துவிடாதே.

அப்பா,
மாயாண்டி


ஈப்போ,
16 மார்ச் 2025

அன்புள்ள மகள் தினேஸ்வரிக்கு,

இந்தப் பெட்டியில் நாலு விரல் இடம் விட்டுத்தான் இலை வைத்தேன், கடிதத்துக்காக.

நீ கூப்பிட்டு இருபத்தைந்து நாளாகிறது, எனக்கு இன்னும் காது சூடாகத்தான் இருக்கிறது. கடிதம் கிடைத்தது என்று ஒரு வரி போட்டாய், அதற்கப்புறம் நாலு நாள் ஒன்றுமில்லை. நான் அனுப்பினதற்கெல்லாம் இரண்டு நீலக் கோடு மட்டும். அந்த நாலு நாளும் பள்ளிக்கூடத்துக் கேட்டைத் திறக்கவேண்டிய நேரத்தில் மூடி, மூடவேண்டிய நேரத்தில் திறந்து, தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு உடம்பு சரியில்லையா என்று கேட்டார். ஐந்தாம் நாள் நாற்பது நிமிஷம் பேசினாய். அதில் முப்பத்தெட்டு நிமிஷம் திட்டு. மிச்சம் இரண்டு நிமிஷம் யார் அழுதது என்று நான் எழுதப் போவதில்லை.

கையுறையைப் பற்றி நீ ஒன்றும் சொல்லவில்லை. அதற்கு நேரம் வேண்டும் என்றாய். எடுத்துக்கொள் மா. நான் அவசரப்படுத்த மாட்டேன்.

விலகல் பாரத்தைக் கிழித்ததும், தஞ்சோங் மாலிமுக்கு வரவில்லை என்று எழுதிப் போட்டதும் எனக்குப் போதும். உன் மேடம் கடிதத்தை முழுக்கக் கேட்டுவிட்டு, இத்தனை வருஷத்தில் இலை கொடுத்தவன் ஒருத்தன்கூட நான்தான் கெடுத்தேன் என்று எழுதினதில்லை என்றாராமே. அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்று ஷாஃபி அண்ணனிடம் கேட்டேன். எடுத்துக்கொள், இந்த வயதில் உனக்கு வேறு எங்கிருந்து வரப்போகிறது என்றார். மேடம் அந்தப் புகை போட்ட இலையின் கணக்கையும் தனியாக எழுதிவைக்கச் சொன்னாராம். ஆக என் தப்புக்கும் புத்தகத்தில் ஒரு பக்கம். ஜூன் வரைக்கும் தவணை கொடுத்த அந்த அம்மாளுக்கு என் வணக்கத்தைச் சொல்.

இந்தத் தடவை நடந்ததை எழுதுகிறேன். நம் பிளாட்டில் வெயில் வராத, காற்று வருகிற ஒரே அறை அம்மாவுடைய அறைதான். கட்டிலில் வெள்ளைத் துணி விரித்து இலையைப் பரப்பினேன். அவள் போன பிறகு அந்தக் கட்டிலில் நான் ஒரு சாமானும் வைத்ததில்லை. இலையை வைக்கலாம் என்று தோன்றியது.

ஒன்பது நாள் வீட்டில் புகை என்று ஒன்று எழவில்லை. கிரேத்தேக்கை நிறுத்தினேன். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடவில்லை, சாமி படத்திடம் காரணத்தைச் சொல்லிவிட்டேன், மகள் படிப்பு என்றதும் அவர் ஒன்றும் பேசவில்லை. கொசுவர்த்தி ஏற்றவில்லை, ஈப்போவில் இருக்கிற கொசுவெல்லாம் என்னைத் தின்று பெருத்துவிட்டன. தாளிப்புப் புகைகூட வரக்கூடாது என்று சமைக்கவில்லை. ஷாஃபி அண்ணன் கடைக்கு மேல்மாடி காலியாக இருக்கிறது, நோன்பு மாதம், பகலில் அடுப்பே எரியாது, அங்கே போட்டுக்கொள் என்றார். சாயங்காலம் நோன்பு திறக்கிற நேரத்துக்கு எரியுமே என்றேன். என் சமையல் புகையில்கூட உனக்குச் சந்தேகமா என்று இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் ஒரு பொட்டலம் கஞ்சி வந்தது, ஆறிப்போய். ஆவிகூட வரக்கூடாது என்று ஆறவைத்துக் கொடுத்தாராம்.

கலாதேவி அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். புகைக்கு மட்டும் இல்லை. பறிக்கும்போது மேட்டில் குந்தியிருந்து ஆபீஸ் தாளைப் பற்றியும் சொன்னேன், நான் என்ன எழுதிக் கையெழுத்துப் போட்டேன் என்று. அவர் பறிப்பதை நிறுத்தவில்லை. எங்களுக்குத் தெரியாதா மாயாண்டி, வேலை முடிந்து பேர் கூப்பிடுகிற பெரட்டில் நீ பேனாவை எடுக்கும்போது நாங்கள் எதிரில்தானே நின்றோம் என்றார். ஒரு பிடியைப் பையில் போட்டுவிட்டு, உன் மகள் ரத்தம் கேட்டாளாமே, நாங்கள் தருகிறோம், முதலில் நீ கையை நீட்டு, அப்புறம் எங்களைக் கேள் என்றார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் திரும்பக் கேட்கவில்லை.

என் பழைய பெரட்டு நோட்டில் கும்பலில் பதினோரு பேர் இருந்தார்கள். அம்மாவோடு சேர்த்து மூன்று பேர் இப்போது இல்லை. இரண்டு பேர் பாரிட் புந்தார் பக்கம் மகன் வீட்டில். மிச்சம் ஆறு பேரையும் வீடு வீடாகப் போய்ப் பார்த்தேன். இது வைத்தியம் இல்லை, இதனால் உங்களுக்கு ஒரு பலனும் வராமல் போகலாம், வேண்டாம் என்றால் வேண்டாம் என்று நீ சொல்லச் சொன்னதையெல்லாம் சொன்னேன். ஆறு பேரும் சம்மதம். சம்மதப் பாரம் ஏழு, பெட்டியின் அடியில் பிளாஸ்டிக் பையில் இருக்கிறது. ஏழாவது பாரம் யாருடையது என்று பார்த்துக்கொள்.

லேபிளில் எழுதினதை இங்கேயும் எழுதுகிறேன், கூரியரில் லேபிள் நனைந்தாலும் இது இருக்கட்டும்.

"கீழாநெல்லி. சுங்காய், பழைய ஆயக்கொட்டகை மேடு, சிவப்புக் கயிற்றுக்குள். மார்ச் 6, காலை ஏழரையிலிருந்து பத்து மணி வரை. பறித்தவர்கள் கலாதேவி, மாயாண்டி. குழாய்த் தண்ணீரில் இரண்டு தடவை கழுவியது. உலர்த்திய இடம் வீட்டு அறை, ஜன்னல் திறந்து, காற்றாடி இரண்டாம் நம்பரில். வெயில் இல்லை, புகை இல்லை. மார்ச் 9 மாலை மூன்று மணிக்கு இருபது நிமிஷம் சாரல், ஜன்னலை மூடினேன், ஓரத்தில் இருந்த ஒரு பிடி நனைந்தது, அதை எடுத்துவிட்டேன். மார்ச் 11 ஒரு பல்லி மேலே ஓடியது, அந்த இடத்து இலையையும் எடுத்துவிட்டேன். எடை 940 கிராம். ஒரு கிலோவுக்கு அறுபது குறைவு. குறைவாகத்தான் இருக்கிறது."

இதற்குமேல் இலை என்ன சொல்கிறதோ அதைச் சொல்லட்டும். முதல் தடவை மாதிரி வாலைக் குறைத்தால் சந்தோஷம். குறைக்காவிட்டால் இந்தச் செடியால் ஆகாது என்று தெரிந்துகொண்டோம், அதையும் எழுதிவிட்டு அடுத்த செடியைப் பார். குப்பைமேனியா, கரிசலாங்கண்ணியா, எது வேண்டுமோ சொல், முட்டி இருக்கிறவரைக்கும் குனிகிறேன்.

இலை சரியாக வந்தால் ஜூனில் நீ ஊசியோடு வருவாய். ரத்தம் பிடிக்கிற குழாயில் பேர் இருக்காது, நம்பர்தான், எது யாருடையது என்று அளக்கிற உனக்கே தெரியாது என்றாய். அந்த ஏழில் ஒன்று நான். மருந்தைக் கலந்து ஊற்றினவன் கை, மற்றவர்களைவிட அதிகமாக நனைந்த கை. கண்ணாடியில் பார்க்கும்போது ஏதோ ஒரு நம்பரில் வால் நீளமாகத் தெரிந்தால், இது அப்பாவாக இருக்குமோ என்று நீ நிற்கக் கூடாது மா. எவ்வளவு நீளமோ அவ்வளவையும் அளந்து எழுது. எனக்காக ஒரு முடியளவுகூடக் குறைக்காதே. நம் வீட்டில் இல்லாததை எழுதிக் கையெழுத்துப் போட்டது என்னோடு முடியட்டும்.

உன் கண்ணும் கையும் உறுதியாக இருக்க அம்மா கூடவே நிற்பாள்.

அப்பா,
மாயாண்டி